புற்றுநோயைக் காய்ச்சலால் கரைக்க முயன்ற சர்ஜன்: யார் இந்த வில்லியம் கோலி?

புற்றுநோய் சிகிச்சை பற்றி இன்று யார் பேசினாலும் இம்யூனோதெரபி என்ற வார்த்தை வந்துவிடுகிறது. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியையே உசுப்பிவிட்டு, புற்றுநோயோடு மோத வைக்கும் சிகிச்சை அது. சிலருக்கு இது மறுவாழ்வு கொடுக்கிறது. அதே மருந்து, அதே வகைப் புற்றுநோய், ஆனால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குப் பலனே இல்லை. ஏன் இப்படி?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. 130 வருடங்களுக்கு முன்பே நியூயார்க்கில் ஒரு இளம் டாக்டர் இதோடு மல்லுக்கட்டினார். அவர் பெயர் வில்லியம் கோலி. புற்றுநோயாளிகளின் உடலில் வேண்டுமென்றே பாக்டீரியாவைச் செலுத்தி, கடும் காய்ச்சலை வரவழைத்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்கு எதுவுமே நடக்கவில்லை. சிலர் இறந்தே போனார்கள். காரணம் தெரியாமலேயே 1936-ல் அவரும் காலமானார்.

இன்று அந்தக் காரணம் ஓரளவுக்குப் புரிந்திருக்கிறது. கோலியின் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைய இம்யூனோதெரபியின் சிக்கலும் சுலபமாகப் புரியும்.

லத்தீன் வாத்தியார் டு சர்ஜன்

1862 ஜனவரி 12-ம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் பிறந்தவர் கோலி. யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்ததும் நேராக மருத்துவத்துக்குப் போகவில்லை. ஓரிகன் மாகாணத்தின் போர்ட்லாண்ட் நகரில் இரண்டு வருடம் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி. 1888-ல் டாக்டராகி, நியூயார்க் ஹாஸ்பிட்டலில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தார்.

1890-ல் அவரிடம் 17 வயதுப் பெண் ஒருவர் வந்தார். பெயர் பெஸ்ஸி டாஷியல். ரயில் பயணத்தின்போது கையில் அடிபட்டிருந்தது. சின்னக் காயம்தான். ஆனால் வீக்கம் வடியவில்லை, வலியும் குறையவில்லை. கடைசியில் அது சர்கோமா என்று தெரிந்தது. எலும்பு, தசை போன்ற இடங்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் இது.

அப்போது இருந்த ஒரே வழி கத்திதான். கோலி அந்தப் பெண்ணின் கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார். ஆனால் நோய் அதற்குள் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. 1891 ஜனவரியில் பெஸ்ஸி இறந்துபோனார்.

டாக்டராகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இந்த மரணம் கோலியை உலுக்கிவிட்டது. பெஸ்ஸியின் நெருங்கிய நண்பர், எண்ணெய் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். அந்தக் குடும்பம் பிற்காலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக்கொடுத்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பழைய ஃபைலில் கிடைத்த துப்பு

கோலி மருத்துவமனையின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். சர்கோமா வந்து யாராவது பிழைத்திருக்கிறார்களா? அதுதான் அவர் தேடியது. ஒரு ஃபைலில் பார்வை நின்றது.

ஃப்ரெட் ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குடியேறி. கழுத்தில் சர்கோமா. திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்தும் கட்டி மறுபடி மறுபடி வளர்ந்தது. டாக்டர்கள் கைவிட்ட நிலையில், ஆறாத புண்ணில் எரிசிபலஸ் என்ற தொற்று ஏறியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் தொற்று இது. தோல் நெருப்பாகச் சிவக்கும், ஜுரம் கொதிக்கும். ஆன்டிபயாட்டிக் இல்லாத அந்தக் காலத்தில் உயிரையே எடுக்கும்.

ஆனால் ஸ்டைன் சாகவில்லை. ஜுரம் ஏற ஏற கட்டி சுருங்கியது. கடைசியில் கட்டியே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டார்.

ஃபைலை நம்பி மட்டும் கோலி உட்கார்ந்துவிடவில்லை. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கித் தேடினார். ஆளைக் கண்டுபிடித்தும்விட்டார். தொற்று வந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியும் ஸ்டைன் உயிரோடு, ஆரோக்கியமாக இருந்தார்.

ஆளைக் கொல்லும் தொற்று கட்டியைக் கொன்றிருக்கிறது. அப்படியென்றால் அந்தத் தொற்றை நாமே வரவைத்தால்?

ஊசியில் பாக்டீரியா

1891 மே மாதம் அதைச் செய்தே பார்த்தார். முதல் நோயாளி, ஜோலா என்ற இத்தாலியக் குடியேறி. டான்சிலிலும் கழுத்திலும் கட்டி. சாப்பிடக்கூட முடியாத நிலை. கோலி அவருக்கு உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஊசியில் ஏற்றினார். மாதக்கணக்கில் முயன்றும் பெரிய தொற்று வரவில்லை. பிறகு பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலிருந்து வீரியமான பாக்டீரியா வந்து சேர்ந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோக்தான்.

இந்த முறை தொற்று கடுமையாகத் தாக்கியது. ஜோலா சாவின் விளிம்பு வரை போனார். ஆனால் சில நாட்களில் கழுத்துக் கட்டி உடைந்து கரையத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் அது காணாமல் போனது. அதன் பிறகு சுமார் 8 வருடம் அவர் வாழ்ந்தார்.

அடுத்தடுத்த நோயாளிகளிடம் கதை வேறு மாதிரி போனது. சிலருக்குத் தொற்றே பிடிக்கவில்லை. சிலருக்குப் பிடித்தது, ஆனால் கட்டி அசையவில்லை. இரண்டு பேரைத் தொற்றே கொன்றுவிட்டது. உயிருள்ள கிருமியைக் கட்டுப்படுத்த முடியாது என்பது கோலிக்குப் புரிந்தது.

அதனால் பாதையை மாற்றினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு செராஷியா மார்செசென்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்தார். இரண்டையும் கொன்று, அந்தக் கலவையை ஊசியாகப் போட்டார். தொற்று இருக்காது, ஆனால் ஜுரமும் நடுக்கமும் வரும். இதுதான் பின்னாளில் கோலி டாக்சின் என்று பெயர் வாங்கியது.

1893 ஜனவரியில் இதை முதலில் போட்டுக்கொண்டவர் ஜான் ஃபிக்கன் என்ற இளைஞர். வயிற்றுப் பகுதியில் பெரிய கட்டி. சில நாட்களுக்கு ஒரு முறை ஊசி, ஒவ்வொரு முறையும் ஜுரம். மாதங்கள் போகப் போகக் கட்டி சுருங்கி, தெரியாத அளவுக்குப் போனது. 26 வருடம் கழித்து அவர் மாரடைப்பில் இறந்தார். புற்றுநோயால் இல்லை.

ரேடியம் வந்தது, கோலி ஓரங்கட்டப்பட்டார்

1899 முதல் பார்க் டேவிஸ் என்ற மருந்து நிறுவனம் கோலி டாக்சினைத் தயாரித்து விற்றது. ஆனால் மற்ற டாக்டர்கள் பயன்படுத்தியபோது அதே பலன் கிடைக்கவில்லை. நம்பாதவர்கள் கூட்டம் பெருகியது.

இதில் கோலி பக்கமும் தவறு இருந்தது. கலவையின் தயாரிப்பு முறை பலமுறை மாறியது. ஒருவருக்குக் கட்டியிலேயே ஊசி, இன்னொருவருக்கு வேறு இடத்தில். எத்தனை நாள், எவ்வளவு டோஸ் என்பதிலும் ஒரே அளவு இல்லை. நோயாளிகளைப் பின்தொடர்ந்து எடுத்த குறிப்புகளும் ஒழுங்காக இல்லை. ஊசி போடாத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் அப்போது இல்லை. ஒருவர் பிழைத்தால், அது ஊசியாலா வேறு காரணத்தாலா என்று நிரூபிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. 1898-ல் ரேடியம். கதிர்வீச்சு கொடுத்தபோது பலருக்குக் கட்டி சுருங்கியது. கோலி வேலை பார்த்த நியூயார்க் மெமோரியல் ஹாஸ்பிட்டலுக்குச் சுரங்கத் தொழிலதிபர் ஜேம்ஸ் டக்ளஸ் பெரும் நன்கொடையோடு ரேடியமும் கொடுத்தார். அங்கே செல்வாக்கோடு இருந்த ஜேம்ஸ் எவிங், கதிர்வீச்சின் தீவிர ஆதரவாளர். எவிங் சர்கோமா என்ற நோய்க்குப் பெயர் வந்தது இவரால்தான். கோலியின் ஊசியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரே மருத்துவமனைக்குள் இரண்டு பேருக்கும் பல ஆண்டு பனிப்போர் நடந்தது.

கோலியும் எக்ஸ்ரேயைப் பயன்படுத்திப் பார்த்தவர்தான். ஆனால் தன் ஊசியை அவர் கடைசிவரை விடவில்லை. சுமார் 40 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதைப் போட்டார். 1936 ஏப்ரல் 16-ம் தேதி நியூயார்க்கில் இறந்தார். அதற்குப் பிறகு அந்தச் சிகிச்சையும் மெல்ல மறைந்தது.

மகள் எடுத்த கணக்கு

கோலி விட்டுப்போன கடிதங்களையும் குறிப்புகளையும் எடுத்துப் படித்தவர் அவருடைய மகள் ஹெலன் கோலி நாட்ஸ். இவர் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைத் தேடித் தொகுத்தார். யாருக்கு எந்தக் கலவை, எத்தனை ஊசி, எவ்வளவு ஜுரம், எத்தனை வருடம் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கெடுத்தார். அப்பா செய்யாமல் விட்ட வேலையை மகள் செய்தார்.

1953-ல் நெல்சன் ராக்ஃபெல்லர் கொடுத்த 2,000 டாலரோடு கேன்சர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பை ஹெலன் இணைந்து தொடங்கினார். இம்யூனோதெரபி ஆராய்ச்சிக்கு யாரும் காசு கொடுக்காத காலத்தில் காசு கொடுத்த அமைப்பு இது. பின்னாளில் இதன் அறிவியல் பொறுப்பை ஏற்றவர் லாயிட் ஓல்ட். கதையின் அடுத்த திருப்பம் அவரிடமிருந்துதான் வருகிறது.

சரி, அந்த ஜுரத்தில் என்னதான் நடந்தது?

கோலி கலவையில் இருந்த செராஷியாவின் வெளிச்சுவரில் ஒரு பொருள் இருக்கிறது. சுருக்கமாக எல்பிஎஸ் என்கிறார்கள். 1943-ல் அமெரிக்க விஞ்ஞானி முர்ரே ஷியர் இதைப் பிரித்தெடுத்து, எலிகளின் கட்டியில் ரத்தக்கசிவை உண்டாக்கி அதைச் சிதைக்கும் பொருள் இதுதான் என்று காட்டினார்.

1975-ல் லாயிட் ஓல்டின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எல்பிஎஸ் நேரடியாகக் கட்டியைக் கொல்லவில்லை. அது உடம்பின் பாதுகாப்பு செல்களை உசுப்புகிறது, அந்த செல்கள் ஒரு புரதத்தை வெளியே விடுகின்றன, அந்தப் புரதம்தான் கட்டியைச் சிதைக்கிறது. அதற்கு டிஎன்எஃப் என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சாகடிக்கும் காரணி என்று அர்த்தம்.

எல்பிஎஸ் வந்திருக்கிறது என்பதை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்கு நம் பாதுகாப்பு செல்களின் மேல் டிஎல்ஆர்4 என்ற ஒரு சென்சார் இருக்கிறது. 1998-ல் இதைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிம்பிளாகச் சொன்னால், சென்சார் பாக்டீரியாவைக் கண்டுகொள்கிறது. செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்தை எழுப்பி, செய்தி மரபணு வரைக்கும் போகிறது. உடனே டிஎன்எஃப் மாதிரியான தூதுவர்கள் ரத்தத்தில் கிளம்புகிறார்கள். காய்ச்சலும் நடுக்கமும் இதன் விளைவு. இந்தச் செய்திச் சங்கிலியைத்தான் சிக்னல் பாதை என்கிறோம்.

அப்படியென்றால் டிஎன்எஃப்பையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? 1980-களில் அதையும் முயன்றார்கள். ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்தது. உடம்பு முழுக்க ரத்தத்தில் ஏற்றும் மருந்தாக அது தேறவில்லை. நாள்பட்ட நோயில் உடம்பை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் புரதம் ஒன்றை வேறொரு குழு தேடிக்கொண்டிருந்தது. 1985-ல் பார்த்தால், அதுவும் இதே டிஎன்எஃப்! குறைந்த அளவில் நாள்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால், இது கட்டி வளரவே உதவக்கூடும் என்றும் பிறகு தெரிந்தது.

கட்டியைக் கொல்லும் அதே சிக்னல், கட்டியை வளர்க்கவும் செய்யும். எவ்வளவு, எத்தனை நாள், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். டோஸும் இடமும் நாளும் ஆளுக்கு ஆள் மாறிய கோலியின் சிகிச்சையில் பலன் ஏன் அப்படி ஏறி இறங்கியிருக்கலாம் என்பது இப்போது ஓரளவு புரிகிறது.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே பெடலில்

இன்றைய இம்யூனோதெரபியில் இதே கதை இன்னொரு தூதுவரோடு நடக்கிறது. அதன் பெயர் இன்டர்ஃபெரான் காமா.

நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டதும் இன்டர்ஃபெரான் காமாவை வெளியிடுகின்றன. அது புற்றுநோய் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ள, உள்ளே ஜாக் என்ற புரதங்கள் விழித்து, ஸ்டாட் என்ற புரதத்தை மரபணுவுக்கு அனுப்புகின்றன. அதன் பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கும்.

உதவி: புற்றுநோய் செல் தனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே அதிகமாகக் காட்டத் தொடங்கும். டி செல்களுக்கு அது சுலபமான இலக்கு ஆகிவிடும். கூடவே, இன்னும் நிறைய டி செல்களை அந்த இடத்துக்கு இழுக்கும் ரசாயனங்களும் சுரக்கும்.

தடை: அதே நேரம் புற்றுநோய் செல் தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை ஏற்றிக்கொள்ளும். இது டி செல்லில் இருக்கும் பிடி-1 என்ற பிரேக்கை அழுத்தும். வந்த டி செல் அப்படியே சோர்ந்துபோகும்.

உடம்பு ஏன் இப்படி ஒரு பிரேக்கை வைத்திருக்கிறது? சாதாரணத் தொற்றில் சண்டை எல்லை மீறினால் நம் சொந்த உறுப்புகளே சேதமாகும். அதைத் தடுக்கத்தான். நம்மைக் காப்பாற்ற வைத்த ஏற்பாட்டைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறது.

பிடி-1-ஐ 1992-ல் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தாசுகு ஹோஞ்சோ. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவித்தால் கட்டி மறையும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு. பிடி-1 பிரேக்கைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மருந்துகள் 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

சிக்னல் அறுந்தாலும் பிரச்சினை, நிற்காவிட்டாலும் பிரச்சினை

பிரேக்கை எடுத்தால் எல்லாருக்கும் குணமாகிவிட வேண்டும்தானே? ஆகவில்லை. 2016-ல் வந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு இரண்டு காரணங்களைக் காட்டின.

ஒன்று, கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ குழு செய்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பெம்ப்ரோலிசுமாப்பில் குறைந்து, பிறகு திரும்பி வந்த 4 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அதில் இரண்டு பேரின் கட்டியில் ஜாக் மரபணு பழுதாகியிருந்தது. டி செல் கதவைத் தட்டுகிறது, உள்ளே மணி ஒலிக்கவில்லை. சிக்னல் அறுந்த செல்கள் தப்பிப் பெருகிவிட்டன.

இன்னொன்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவின் எலி ஆய்வு. இதில் சிக்னல் அறுபடவில்லை, நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. நீண்ட நாள் இன்டர்ஃபெரானில் ஊறிய புற்றுநோய் செல்கள் பிடி-எல்1 மட்டுமல்லாமல் வேறு பல பிரேக்குகளையும் வளர்த்துக்கொண்டன. ஒரு பிரேக்கை மருந்தால் எடுத்தாலும் மற்றவை வேலை செய்தன.

அப்படியானால் சிக்னலை முதலில் ஓடவிட்டு, பிறகு கொஞ்ச காலம் அடக்கி வைத்தால்? 2024-ல் சயின்ஸ் இதழில் வந்த இரண்டு சிறிய மருத்துவ ஆய்வுகள் ஜாக் புரதத்தை அடக்கும் மாத்திரைகளை பிடி-1 மருந்தோடு சேர்த்துப் பார்த்தன. நுரையீரல் புற்றுநோய் ஆய்வில் முதலில் பிடி-1 மருந்து, சில வாரம் கழித்து மாத்திரை. இன்னொன்று, ஏற்கெனவே இந்த வகை மருந்துக்குப் பணியாத ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நோயாளிகளிடம். இரண்டிலும் நம்பிக்கை தரும் பலன் கிடைத்தது. பெரிய ஆய்வுகள்தான் இதை உறுதிப்படுத்த வேண்டும்.

அப்போ, காய்ச்சல் வந்தால் கேன்சர் போயிடுமா?

போகாது. இந்தக் கதையை யாராவது அப்படி வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினால் நம்ப வேண்டாம். கோலியிடமே தொற்றால் இறந்தவர்கள் உண்டு. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இம்யூனோதெரபி எடுப்பவர்களும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் வந்தால் தங்கள் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். பிரேக் எடுக்கப்பட்ட நோய் எதிர்ப்பு சக்தி, நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும்.

கோலி விட்டுப்போனதில் ஒரு பகுதி இன்றும் வேலை செய்கிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அங்கே தொடக்க நிலையில் இருக்கும் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிப்பது இன்று வழக்கமான முறை. பலவீனமாக்கப்பட்ட பாக்டீரியா மூலம் எதிர்ப்பு சக்தியை எழுப்பும் அதே யோசனைதான். வித்தியாசம், டோஸும் நாளும் இடமும் முறையான ஆய்வுகளில் சோதித்து முடிவு செய்யப்பட்டவை.

மகள் தொடங்கிய அமைப்பு 1975 முதல் வில்லியம் கோலி பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது. நோபல் வாங்குவதற்கு முன்பே ஆலிசனும் ஹோஞ்சோவும் அதை வாங்கிவிட்டார்கள்.